செய்தலும் செய்வித்தலும்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வங்கி மேலாளர்களுக்கும் நடத்தப்பெறும் பயிற்சி வகுப்புகளில் வினாத்தாள் ஒன்று தருவதுண்டு. 'என் தலைமைப் பாங்கு எத்தகையது?' என்பதைத் தாமே கண்டுகொள்வதற்கான தாள் அது. முடிவுகளைத் தனித்து எடுப்பவரா, பிறரைக் கலந்து எடுப்பவரா, பணியை ஒப்படைத்தபின் இடையிடையே சென்று பார்ப்பவரா, பாராதவரா என்று வினாக்கள் நீண்டு செல்லும். மதிப்பெண்களைக் கூட்டினால், நாம் எவ்வகைத் தலைவர் என்பது ஒரு கட்டத்துள் வந்து விழும். ஆசிரியப் பயிற்சியில் பல்லாண்டுகள் பணிபுரிந்த நாமும் இத்தகைய தாள்களை நிரப்பியிருக்கின்றோம். பிறருக்குக் கொடுத்து நிரப்பச் செய்தும் இருக்கின்றோம். அவை பயனற்றவை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் கூட்டுத்தொகை, நிரப்புபவருக்கு மனநிறைவு தரும் கட்டத்திலேயே பெரும்பாலும் விழுவதையும் கண்டிருக்கின்றோம். தம்மைப் பற்றித் தாமே எழுதும் சான்றிதழ் வேறு எவ்வாறு அமையும்?

சமணராகிய நமக்கு இதனினும் பழையதும் கடியதுமான வினாத்தாள் ஒன்று உண்டு. நாள்தோறும் நம் விரலிடையே உருளும் செபமாலையில் அது இருக்கிறது.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், உயிரினிடத்து வினை ஊறும் வழிகளைக் கூறுவது. அதன் எட்டாம் சூத்திரத்தில் ஆசாரியர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு செயலைச் செய்ய எண்ணுதல், அதற்கு வேண்டுவன திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என முறைகள் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனத் தூண்டும் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்க வருவது 108. மாலையின் மணிகள் 108 என்பதற்குப் பெரியோர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சிறுவயதில் மனப்பாடமாகக் கற்ற இக்கணக்கை மாணவியருக்குக் கணிதம் கற்பித்த கையால் ஒருநாள் மீண்டும் போட்டுப் பார்த்தோம். நூற்றெட்டில் தானே செய்தவற்றுக்கு உரியவை 36 மட்டுமே. செய்வித்தவற்றுக்கு 36, உடன்பட்டவற்றுக்கு 36. ஆகவே மாலையில் 72 மணிகள் நம் கை படாத செயல்களுக்கு உரியவை. குடும்பத்திலோ பள்ளியிலோ ஆலயத் திருப்பணிக் குழுவிலோ தலைமை ஏற்றவருடைய வாழ்வு பெரும்பாலும் இந்த 72இல்தான் கழிகிறது. தலைவர் என்பவர் செய்பவரல்லர். செய்விப்பவரும் ஒப்புதல் தருபவருமே அவர். எனவே 'நான் என்ன செய்தேன்?' என்று மட்டும் தம்மை வினவிக்கொள்ளும் தலைவர், விடைத்தாளில் மூன்றிலொரு பங்கைத் திருத்திவிட்டு முழு மதிப்பெண் இட்டுக்கொள்பவரே ஆவார்.

நாம் பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளியில் கண்டதைச் சொல்வோம். ஆண்டாய்வுக்கு அதிகாரிகள் வரும் நாள் குறிக்கப்பட்டது. தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எந்தப் பதிவேட்டிலும் குறை இருக்கக் கூடாது." எவரையும் பொய் எழுதச் சொல்லவில்லை. ஆனால் குறையிருந்தால் அவர் முகம் எவ்வாறு மாறும் என்பது அனைவருக்கும் தெரியும். இளைய ஆசிரியைகள் இருவர் அன்று மாலை வெகுநேரம் அமர்ந்து, வராத பிள்ளைகளை வந்தவர்களாக்கி வருகைப் பதிவேட்டை நிறைவு செய்தனர். ஆய்வு நன்றாக முடிந்தது. பொய்யாவணம் எழுதுதலை வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. எழுதியவை அந்த இருவர் கைகள். எழுதுவித்தது எது? ஒரு வாக்கியமும் ஒரு முகக்குறிப்பும். மொழியால் செய்வித்தல் என்னும் மணியும், மெய்யால் செய்வித்தல் என்னும் மணியும் மாலையில் தனித்தனியே இருப்பதன் காரணம் நமக்கு அன்று விளங்கிற்று.

இதனை நம் முன்னோர் கதையாகவே சொல்லி வைத்தனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். தீக்கனவு கண்டதாக யசோதரன் உரைக்க, அவன் தாய் சந்திரமதி, தெய்வத்துக்குக் கோழி பலியிடுக என்கிறாள். உயிர்க்கொலைக்கு அரசன் உடன்படவில்லை. அவ்வாறாயின் மாவினால் கோழி செய்து பலியிடுக என்கிறாள் தாய். அதற்கு அவன் இசைகிறான். குருதி சிந்தவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிக் கோழிகளாகும்வரை விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். மாக்கோழியை வெட்டியவன் மகன், தாய் கருவி ஏந்தவில்லை, சொல்லினாள், அவ்வளவே. ஆயினும் பிறவிதோறும் இருவரும் இணைந்தே துன்புறுகின்றனர். செய்தவனுக்கு ஒரு கணக்கு, செய்வித்தவளுக்குக் குறைந்த கணக்கு என்று காவியம் பிரித்துக் காட்டவில்லை. சந்திரமதி கொடியவளும் அல்லள். மகன் நலம் நாடியே சொன்னாள். நலம் நாடிச் சொன்னோம் என்பதே, செய்விப்போர் அனைவரும் இன்றுவரை கூறும் விடையாக இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சியில் கல்வி உளவியல் கற்றவர்கள் குர்ட் லெவின் என்னும் அறிஞர் பெயரை அறிவர். அவரும் லிப்பிட், ஒயிட் என்னும் இருவரும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஆய்வு 1939இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி முகமூடி செய்தல் போன்ற கைவினைகளில் ஈடுபடுத்தினர். சில குழுக்களுக்கு ஆணையிட்டு நடத்தும் தலைவர். சிலவற்றுக்குச் சிறுவரோடு கலந்து முடிவு செய்யும் தலைவர். சிலவற்றுக்கு எதிலும் தலையிடாத் தலைவர். தேர்வுக்காக இம்மூன்றையும் ஒப்பிட்டு எழுதிய விடைகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கின்றோம். அவ்விடைகளில் மாணவியர் பெரும்பாலும் விட்டுவிடும் இரு செய்திகளே நமக்கு முதன்மையானவையாகத் தோன்றுகின்றன. ஆணையிட்டு நடத்திய குழுவில் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. கலந்து நடத்திய குழுவில் அவர் சென்ற பின்னும் தொடர்ந்தது. மற்றொன்று, ஆணைக்கு அடங்கியிருந்த சிறுவர்கள் தலைவரை எதிர்க்க இயலாமல், தமக்குள் ஒருவனைச் சுட்டி அவன்மேல் பாய்ந்தனர். அந்தச் சிறுவனைத் துன்புறுத்துமாறு தலைவர் சொல்லவில்லை, விரும்பியிருக்கவும் மாட்டார். ஆயினும் அவருடைய பாங்கே அதனைச் செய்வித்தது. மாமியார் மேல் எழுந்த கோபம் பிள்ளையின் முதுகில் இறங்குவதைக் கண்ட பெண்மணிகளுக்கு இதற்கு அயோவா வரை செல்ல வேண்டியதில்லை.

இனி, செய்வித்தலில் நாம் பெரிதும் எண்ணாது விடும் ஒரு பகுதிக்கு வருவோம். கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்கள் உரைக்கப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் காலத்தில் கிட்டாமல் தடுத்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் சிறிது சொல் மாற்றத்துடன் இவ்வைந்தையே கூறுகிறது. இவற்றைப் படிக்கும்போது வண்டி மாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. வண்டி மாடுகள் மறைந்துவிட்ட ஊர்களில், இவ்விரு குற்றங்களும் தமக்கு இனி இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர்.

அளவுக்கு மேல் பாரம் என்பது மூட்டை மட்டுமன்று. எந்த அலுவலகத்திலும் வேலையை நன்றாகச் செய்பவர் ஒருவர் இருப்பார். முணுமுணுப்பவர் ஒருவர் இருப்பார். தலைவருக்கு எது எளிது? முணுமுணுப்பவரை விட்டுவிட்டு, நன்றாகச் செய்பவர் தலையிலேயே மேலும் மேலும் ஏற்றுவது. 'அவர் இருந்தால் கவலையில்லை' என்று புகழ்ந்துகொண்டே ஏற்றுவோம். வீட்டிலும் அதுவே, மூன்று மருமகள்களுள் வாய் திறவாதவளுக்கே அடுப்படி முழுவதும் வந்து சேரும். இதற்குத் திறமையறிந்து வினை ஒப்படைத்தல் என்று பெயரிடுவோரும் உளர். திறமையறிதல் வேறு, எதிர்ப்பின்மை அறிதல் வேறு.

உணவைத் தடுத்தலைப் பற்றி நம் ஆலயப் பந்திகளை வைத்தே கூற வேண்டும். பொழுது சாய்வதற்குள் உண்ணும் நியமம் உடையவர்கள் நாம். தேர்த் திருவிழாவிலோ பஞ்சகல்யாண விழாவிலோ ஆயிரம் பேர் கூடுமிடத்தில், மாலைப் பந்தி கதிரவனோடு போட்டியிட்டு நடக்கும். வந்த விருந்தினர் அனைவரும் ஒளி மங்குமுன் உண்டுவிட வேண்டுமென்று பந்தி விசாரிப்போர் பரபரப்பர், அது முறையே. ஆனால் இலை போட்டவர், நீர் வைத்தவர், சோறு பரிமாறிய நம் இளைஞர்கள் ஆகியோரின் நிலை என்ன? கடைசிப் பந்தி எழும்போது பொழுது போயிருக்கும். நியமம் உடைய இளைஞன் மறுநாள் காலைவரை பட்டினி. நியமம் இல்லாத சமையற்காரர், அண்டா கழுவி முடித்து நள்ளிரவில் எஞ்சியதை உண்பார். விழாக் குழுவினர் எவரும் யாருக்கும் உணவைத் தடுக்கவில்லை. நேரத்தை அவ்வாறு வகுத்தனர், அவ்வளவே. ஒருமுறை ஓர் ஊரில் விழாக் குழுத் தலைவராக இருந்த முதியவர் இதற்கு ஒரு வழி கண்டார். மாலையில் முதற் பந்தியையே பரிமாறுவோருக்கும் சமையற்காரருக்கும் இட்டார். நகரத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள் இலைக்காகக் காத்து நின்றனர். சிலர் முகம் சுளித்தனர். உண்ட இளைஞர்கள் தெம்போடு பரிமாறியதால் பந்திகள் விரைந்து முடிந்தன என்பதைப் பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டனர். அம்முதியவர் மேலாண்மை நூல் எதுவும் படித்தவரல்லர். ஐந்து குற்றங்களையும் மனப்பாடமாக அறிந்தவர்.

இவ்வாறெல்லாம் கணக்குப் பார்த்தால் பொறுப்பேற்க எவர் முன்வருவர் என்று அன்பர்கள் வினவலாம். நம் சமுதாயம் சிறியது, ஆலயங்களோ பல, பூசையும் திருப்பணியும் கணக்கும் பார்க்க ஆள் கிடைப்பதே அரிது. உண்மை. ஆனால் ஆசாரியர்கள் கணக்கை ஒரு பக்கமாக எழுதவில்லை. உடன்படுதலுக்கு நற்பக்கமும் உண்டு. வச்சிரசங்கனும் சிரீமதியும் காட்டில் சாரண முனிவர்களுக்கு ஆகாரதானம் செய்தபோது, புலி, பன்றி, குரங்கு, கீரி ஆகிய நான்கு விலங்குகள் அதனைக் கண்டு உள்ளம் மகிழ்ந்தன என்றும், அம்மகிழ்ச்சி ஒன்றினாலேயே நற்பிறவி எய்தின என்றும் ஆதிபுராணம் கூறும். அந்த வச்சிரசங்கனே பின்னர் ஆதிபகவனாகத் தோன்றினார். தானம் செய்ய அந்த விலங்குகளுக்குக் கைப்பொருள் இல்லை, கண்டு மகிழ்ந்தன. பிறர் செய்த நற்செயலைக் கண்டு மகிழ்வது ஒரு தலைவருக்கு இவ்வளவு எளிதாக இருப்பதில்லை என்பதை நம் அனுபவத்தில் அறிவோம். நம் யோசனையின்படி செய்து வென்றவரைப் பாராட்டுவோம். நம்மைக் கேளாமல் செய்து வென்றவரைப் பாராட்ட நாக்கு எழுவதில்லை. இதைத்தான் நான்கு கஷாயங்களுள் இரண்டாவதாகிய செருக்கு என்கின்றோம்.

இனி, நமக்கு மிக அருமையாகத் தோன்றும் இடம். இல்லறத்தார் படிப்படியாக ஏறுவதற்குப் பதினொரு படிநிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எட்டாவது படியில் உழவு, வாணிகம் முதலிய முயற்சிகளை விடுகிறார். ஒன்பதாவதில் பொருளை விடுகிறார். பத்தாவதில்தான் உடன்பாடு கூறுவதை விடுகிறார். அனுமதித் தியாகம் என்று அதற்குப் பெயர். வீட்டுக் காரியங்களில், வினவினாலும் வினவாவிட்டாலும், இது செய்க, இது வேண்டா என்று கூறாதவரே அப்படியில் நிற்பவர் என்று வசுநந்தியின் சிராவகாசாரம் விளக்குகிறது.

வரிசையைக் கவனியுங்கள். தொழிலை விடுவது எட்டு. சொத்தை விடுவது ஒன்பது. யோசனை சொல்வதை விடுவது பத்து. பொருளைத் துறந்தவருக்கும் எஞ்சி நிற்பது சொல்லுரிமை என்பதை அன்றே கண்டிருக்கின்றனர். சாவிக்கொத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, பெட்டியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று திண்ணையில் அமர்ந்து கூறிக்கொண்டிருக்கும் தந்தையரை எத்தனை பேரைக் கண்டிருக்கின்றோம்! ஓய்வு பெற்ற பின்னும் வாரந்தோறும் பழைய பள்ளிக்குச் சென்று புதிய தலைமையாசிரியையின் எதிரில் அமர்பவர்களும் உளர். அவர்கள் எதையும் கட்டளையிடுவதில்லை. 'நாங்கள் இருந்தபோது' என்று தொடங்குவார்கள்.

துறவியர் சங்கத்திலும் இந்தத் தளை உண்டு என்பதை ஆகமம் மறைக்கவில்லை. பகவதி ஆராதனை என்னும் நூல், சல்லேகனை ஏற்க விரும்பும் ஆசாரியர் தம் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்புவித்து, தம் கணத்தாரிடம் மன்னிப்பும் வேண்டி, வேறொரு கணத்துக்குச் சென்றுவிட வேண்டும் என்கிறது. அதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று, தம் கணத்திலேயே தங்கினால் தம் ஆணை மீறப்படுவதைக் கண்டு சினம் எழக்கூடும் என்பது. அனைத்தையும் துறந்த ஆசாரியருக்கே, தம் சொல் நடவாமையால் வரும் சினத்தை அஞ்சி இடம்பெயரச் சொல்கிறது.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. இராசத்தானத்தின் நசீராபாத்தில் 1972ஆம் ஆண்டு ஆசாரியர் ஞானசாகரர், முதுமையும் நோயும் வந்துற்ற நிலையில், தம் மாணவராகிய வித்யாசாகரருக்கு ஆசாரியர் பதவியை அளித்தார். 1968இல் அஜ்மீரில் தம்மிடமே தீட்சை பெற்றவர், கன்னட நாட்டிலிருந்து வந்த 26 வயது இளைஞர். பதவியை அளித்ததும் ஞானசாகரர் உயர்ந்த ஆசனத்திலிருந்து இறங்கிக் கீழே அமர்ந்தார். தம் மாணவரை வணங்கி, 'எமது சல்லேகனையை நீவிரே ஆசாரியராக இருந்து நடத்தித் தர வேண்டும்' என வேண்டினார். அடுத்த ஆண்டு, 1973இல், அந்த மாணவர் மேற்பார்வையிலேயே உடல் நீத்தார். வடமொழியில் பெருங்காவியங்கள் இயற்றிய புலவர் அவர். மாணவருக்குத் தம்மைவிடக் குறைவாகத் தெரியும் என்பதை அறியாதவரல்லர். ஆயினும் ஆசனம் மாறியபின், வினவுபவரின் இடத்துக்குத் தாம் வந்து சேர்ந்தார். அன்று பதவி ஏற்ற வித்யாசாகரர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் பெருஞ்சங்கத்தை நடத்தி, 2024 பிப்பிரவரியில் டோங்கர்கட்டில் சமாதி எய்தினார். அதற்குச் சில நாட்களுக்கு முன் அவரும் ஆசாரியர் பதவியைத் துறந்திருந்தார்.

பொருளாளர் பொறுப்பையும் பள்ளித் தாளாளர் பொறுப்பையும் விடுவதற்கு நாம் சல்லேகனை வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் படியும் நம்மில் பலருக்கு இப்பிறவியில் எட்டாத உயரமே. உடன்பாட்டை விடுவதென்றால் தீமையைக் கண்டு வாளாவிருப்பதுமன்று. பொய்க் கணக்கு எழுதப்படுவதைப் பார்த்து வாய்மூடி இருப்பவர் உடன்பட்டவரே, அவர் கழுத்தில் 36 மணிகளும் அப்படியே தொங்கும். ஆனால் ஒரு நாளில் நம் வாயிலிருந்து எழும் ஏவல்களுள் எத்தனை அத்தகையவை?

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உணவைச் சுருக்குவது நம் இல்லங்களின் பழைய வழக்கம். எழுபது கடந்த உடம்பு முழு உபவாசத்தைத் தாங்காமையால், அந்நாள்களில் ஏவலையும் சேர்த்துச் சுருக்கலாமே என்று ஓராண்டாக முயன்று வருகின்றோம். முதல் அட்டமியன்று நண்பகலுக்குள் மருமகள் அருகில் வந்து நின்று, "அத்தை, என்மேல் ஏதாவது வருத்தமா? காலையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லையே" என்றாள். நம் மௌனமும் ஒரு கட்டளையாகவே அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆகவே அடுத்த சதுர்த்தசிக்கு முதல் நாளே காரணத்தைச் சொல்லிவிட்டோம். அன்று மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பிற்பகலில் மேகம் திரள்வதை நாம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தூறல் விழுந்த பிறகே பேரன் நினைவு வந்தவனாய் ஓடினான். பாதி மிளகாய் நனைந்திருந்தது. மறுநாள் அவர்களே மீண்டும் பரப்பிக் காயவைத்தார்கள்.